உடைக்காமல் பார்த்த முட்டை

அடைக்கோழியின் சிறகுக்கடியில் இடம் குறைவு. நல்ல நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் கிடப்பவை குளிர்ந்து கெடும். வைத்த பன்னிரண்டில் மூன்று கூமுட்டையாகிப் போனாலும் கோழிக்கு அது தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் புரட்டிப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். 21 நாளும் அது முட்டையிடாது, அரைவயிறு கால்வயிறாகத் தின்னும், உடம்பு இளைக்கும். குஞ்சு வராத முட்டைக்கும் சேர்த்துத்தான் இத்தனை பாடு. இது போதாதென்று கூமுட்டைக்குள் அழுகல் பிடித்தால் உள்ளே வாயு சேரும். ஒருநாள் அது வெடித்து, பக்கத்தில் கிடக்கும் நல்ல முட்டைகளின் ஓட்டிலெல்லாம் அழுகல் படிந்துவிடும்.

ஆகவே கோழி வளர்ப்பவருக்கு ஒரு கேள்வி எப்போதும் இருந்திருக்கிறது: எதில் கரு கூடியிருக்கிறது, எதில் இல்லை? உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் அந்த முட்டையால் பயனில்லை. இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததுதான் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் வழக்கம். இன்று தடுப்பூசிக் கூடத்திலும் குஞ்சு பொரிப்பகத்திலும் விதவிதமான கருவிகளாக நிற்கிறது அது. பிறந்த இடம் கோழிக்கூடை. இதைக் கண்டுபிடித்தவர் என்று யாருடைய பெயரும் இல்லாததற்குக் காரணமும் அதுவே என்று நினைக்கிறேன். கோழிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுத்தில் இந்த வழக்கத்தைப் பழங்காலத்தில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ரோமானிய அறிஞர் வர்ரோ. கி.மு. 37இல், தன் எண்பதாவது வயதில், மனைவி ஃபுண்டானியா நிலம் வாங்கியிருந்ததை முன்னிட்டு மூன்று பாகங்களில் ஒரு வேளாண்மை நூல் எழுதினார். மூன்றாம் பாகம் பறவைகள், மீன்கள், தேனீக்கள் போன்று வீட்டையொட்டி வளர்க்கும் உயிர்களைப் பற்றியது. ரோமில் ஒரு தேர்தல் நாள். வெயிலுக்கு ஒதுங்கிய நண்பர்கள் முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பேசிக்கொள்வதாக அதை அமைத்திருக்கிறார். பேசுகிறவர்களுக்கு மெருலா, பாவோ, பாஸர் என்று பெயர். கரும்பறவை, மயில், சிட்டுக்குருவி. அந்தப் பேச்சின் நடுவே கோழி வளர்ப்பு வருகிறது, அதற்குள் முட்டைச் சோதனையும் வருகிறது.

வர்ரோ மூன்று வழிகளைச் சொல்கிறார். முதலாவது, தண்ணீரில் போடுவது: வெற்று முட்டை மிதக்கும், நிறைந்தது அடியில் போய் நிற்கும். இரண்டாவது, குலுக்கிப் பார்ப்பது. இது கூடாது என்கிறார், முட்டைக்குள் ஓடும் உயிர் நாளங்கள் குலைந்துவிடும் என்பதால். மூன்றாவது, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது: ஒளி ஊடுருவி வந்தால் அதில் ஒன்றுமில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்தச் செய்திகளை வர்ரோ தன் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. இப்படிச் செய்யலாம் என்று சொல்கிறார்கள் என்றுதான் எழுதுகிறார். அப்படியானால் அவர் காலத்திலேயே அது பழகிய வழக்கம். இரண்டாவது, குலுக்கக் கூடாது என்பதற்கு அவர் தரும் காரணம். முட்டைக்குள் நாளங்கள் உண்டு, அவை மெல்லியவை, அதிர்ந்தால் கெடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய கருவியல் பாடத்தில் இதையே சொல்கிறார்கள்: முதல் வாரத்தில் மஞ்சள்கருவின் மேல் பரவும் ரத்தநாளங்கள் அறுந்தால் கரு செத்துவிடும்.

நூறாண்டுக்குப் பின் வந்த ரோமானிய ஆசிரியர் பிளினி நாளையும் குறித்துவிட்டார். அடை வைத்த நான்காம் நாளில் முட்டையின் முனையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்த வேண்டும். உள்ளே ஒரே சீரான தெளிந்த நிறம் தெரிந்தால் அது மலட்டு முட்டை. அதை எடுத்துவிட்டு வேறு முட்டை வைக்கலாம் என்கிறார். நான்காம் நாள் என்று அவர் குறித்தது வியக்கவைக்கும் துல்லியம். கோழிக்கருவின் இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஓட்டுக்கு வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ரத்தநாளங்கள் விரிவது மூன்று, நான்கு நாளில்தான். வெள்ளை முட்டையாக இருந்து, வெளிச்சமும் நன்றாக இருந்தால் நான்காம் நாளில் பிடித்துவிடலாம். அதற்கு முன்னால் பார்ப்பவருக்கு எல்லா முட்டையும் மலட்டு முட்டையாகத்தான் தெரியும். எத்தனையோ பேர் அவசரப்பட்டு நல்ல முட்டைகளை எடுத்தெறிந்து, பிறகு கற்றுக்கொண்ட கணக்காக இருக்க வேண்டும் இந்த நான்கு.

அந்தக் கற்றுக்கொண்டவர்கள் யார் என்பதற்கு இன்னொரு ரோமானிய ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, இருநூறு கோழிகள் கொண்ட பண்ணைக்கு ஒரு மேய்ப்பன் போதும் என்கிறார். மேயும் கோழிகளைக் காவல் காக்கச் சுறுசுறுப்பான ஒரு கிழவியையோ சிறுவனையோ கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். நூலெழுதியவர்களுக்கு இச்செய்தி இந்தக் கிழவிகளிடமிருந்து வந்தது என்றே நம்புகிறேன். எண்பது வயது அறிஞர் அடைக்கூடைக்குள் கைவிட்டு முட்டை பொறுக்கியிருப்பார் என்று எண்ணத் தோன்றவில்லை.

கொலுமெல்லாவைப் படிக்கும் தமிழருக்கு வேறோர் ஆச்சரியமும் காத்திருக்கிறது. அடைக்கு வைக்கும் முட்டைகள் எப்போதும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்கிறார்: ஜனவரியில் 15, மார்ச்சில் 19, ஏப்ரலில் 21. இடி இடித்தால் முட்டைகள் கெட்டுவிடும், பாதி வளர்ந்த குஞ்சுகள் செத்துவிடும் என்று பயந்து, பலர் அடைக்கூட்டு வைக்கோலுக்கு அடியில் புல்லும் புன்னைக் கிளை போன்ற லாரல் கொம்புகளும் போடுவார்கள், பூண்டுத் தலைகளையும் இரும்பு ஆணிகளையும் போடுகிறவர்களும் உண்டு என்று எழுதுகிறார். நம் ஊர்ப் பக்கம் அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போட்டு வைக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில் வைப்பதும் இங்கே உண்டு. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: இடி வருவது புழுங்கும் காலத்தில். அந்தப் புழுக்கத்தில் நாட்கணக்கில் எடுத்துவைத்த முட்டைகள் அடைக்குப் போகும் முன்பே கெட்டிருக்கும். பழி இடியின் மேல் விழுந்திருக்கும். ஆணியாலும் கரியாலும் தீராத அந்தப் பயத்தைத் தீர்க்க உருப்படியாக இருந்த ஒரே வழி வெளிச்சம்தான்.

வெளிச்சத்தில் தெரியும் நிழலுக்கு என்ன பொருள் என்பது வேறு வழியில் வந்த அறிவு. அதைத் தேடியவர்கள் முட்டையை உடைத்தவர்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில், கருவில் குழந்தை வளர்வதைப் பற்றிய ஒன்று இருக்கிறது. இருபது முட்டைகளையோ அதற்கு மேலுமோ இரண்டு மூன்று கோழிகளுக்கு அடை வை, இரண்டாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றாக உடைத்துப் பார் என்று அது வழி சொல்கிறது. மனிதக் கரு வளர்வதை நேரே பார்க்க முடியாதவர்கள் முட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்ள முனைந்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தன் விலங்கு நூலில் விரிவாகவே எழுதினார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் இதயம் ஒரு ரத்தப் புள்ளியாகத் தோன்றுகிறது, உயிருள்ளதுபோல் துடித்து அசைகிறது, அதிலிருந்து ரத்தம் நிறைந்த இரண்டு நாளங்கள் புறப்படுகின்றன, பத்தாம் நாளில் உறுப்புகள் எல்லாம் தெரிகின்றன, இருபதாம் நாளில் ஓட்டை உடைத்தால் குஞ்சு கீச்சிடுகிறது. ஓட்டுக்கு வெளியே நின்று நிழலைப் பார்த்த பண்ணையாளின் நான்காம் நாளும், ஓட்டை உடைத்துப் பார்த்த தத்துவஞானியின் மூன்றாம் நாளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

உடைத்துப் பார்க்கும் மரபு ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் மறுபடி சூடுபிடித்தது. ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட தன் இதய நூலிலேயே முட்டையைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். நாலைந்து நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டை நீக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் மெல்லிய மேகம்போல் ஒன்று தெரியும். அதன் நடுவே ஒரு ரத்தப் புள்ளி. சுருங்கும்போது கண்ணுக்கு மறைந்து, விரியும்போது திரும்பத் தோன்றும். 1651இல் உயிர்களின் பிறப்பைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூலின் முகப்புப் படத்தில் கிரேக்கக் கடவுள் சீயஸ் ஒரு முட்டையைத் திறந்து பிடித்திருக்கிறார். அதிலிருந்து மனிதன் முதல் பூச்சி வரை வெளியே வருகின்றன. இருபதாண்டு கழித்து இத்தாலியில் மால்பிகி என்ற அறிஞர் அதே கருவை நுண்நோக்கியின் அடியில் வைத்து, நாளங்கள் கிளை கிளையாகப் பரவுவதை வரைந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் வலை என்ன என்பதற்குத் துல்லியமான படம் அப்போதுதான் கிடைத்தது.

இப்போது முட்டையைக் கையிலெடுத்துப் பார்த்துவிடலாம். இரவு நேரம் நல்லது. அடைக்கோழி அப்போது சாதுவாக இருக்கும், கொத்தாது. அறையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டின் முகத்தைக் கைவிரல்களால் வளைத்துச் சிறு வட்டமாக்கி, முட்டையின் பருத்த முனையை அதன் மேல் அழுத்தி வைக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் கசியக் கூடாது, அதுதான் முக்கியம். பகலென்றால், கையைக் குழலாகச் சுருட்டி அதன் ஒரு முனையில் முட்டையை வைத்துச் சூரியனுக்கு நேரே பிடிப்பார்கள். அதுவும் நன்றாகவே தெரியும்.

ஏழாம் நாளில் நல்ல முட்டை செம்மஞ்சளாக ஒளிரும். மேல்பக்கம் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் ஓடும் சிவந்த நரம்புகள், வலை நடுவே உட்கார்ந்த சிலந்திபோல. அந்தக் கரும்புள்ளியில் பெரும்பாகம் கருவின் கண். கோழிக்கருவுக்கு உடம்பைவிடக் கண் முந்திக்கொண்டு பெருக்கும், அதில் நிறமும் சீக்கிரம் ஏறிவிடும். முட்டையை மெதுவாகத் திருப்பினால் புள்ளியும் நகர்ந்து மறுபடி மேலே வந்து நிற்கும். கரு இருக்கும் பக்கம் மஞ்சள்கருவின் மற்றப் பக்கத்தைவிட இலேசானது என்பதால் எப்போதும் மேலே மிதந்து வரும். இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி தானாக ஒருமுறை அசைவதையும் பார்க்கலாம். முதல்முறை அதைப் பார்ப்பவர் கை முட்டையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கரு கூடாத முட்டையில் மஞ்சள்கருவின் மங்கிய நிழலைத் தவிர ஒன்றும் இராது. கூடிய பின் செத்த கருவுக்குத் தனி அடையாளம் உண்டு: நாளங்கள் அறுந்து, ரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கி, முட்டைக்குள் ஒரு சிவப்பு வளையம் தெரியும். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓடு ஏன் ஒளியை விடுகிறது என்றால், அது அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத சுண்ணச் சுவர். ஊடே ஆயிரக்கணக்கான நுண்துளைகள். ரத்தம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை விட்டுவிடுவதால் நாளங்கள் கருஞ்சிவப்பாகத் தெரிகின்றன. வெள்ளை ஓட்டில் இதெல்லாம் தெளிவு. நம் நாட்டுக்கோழியின் பழுப்பு ஓட்டில் நிறமி ஒளியைத் தடுப்பதால், ஏழெட்டு நாள்வரை பொறுத்துப் பார்ப்பது நல்லது. பார்த்த உடனே எதையும் தூக்கிப்போடவும் கூடாது. சந்தேகம் வந்த முட்டைக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி பார்ப்பவரே விவரம் தெரிந்தவர்.

பருத்த முனையில் வெளிச்சமாகத் தெரியும் வெற்றிடம் காற்றறை. நாளாக ஆக முட்டையிலிருந்து ஈரம் ஆவியாகி, 18 நாளில் எடையில் எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அந்த அளவுக்குக் காற்றறை பெரிதாகும். பதினாலாம் நாளில் முட்டையில் பெரும்பகுதி இருண்டுவிடும். 18ஆம் நாளில் காற்றறையைத் தவிர எல்லாம் கருப்பு. இருபதாம் நாள் வாக்கில் அந்தக் காற்றறைக்குள் ஒரு கூர்நிழல் நீட்டிக்கொண்டு நிற்கும். அது குஞ்சின் அலகு. உள்சவ்வைக் கிழித்து, தன் முதல் மூச்சை அங்கே இழுக்கிறது. அதற்குப் பிறகு முட்டையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இருபது நிமிஷம் முட்டை வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது. கோழியே இரை தின்ன அவ்வளவு நேரம் எழுந்து போகும். ஆனால் ஆசை மிகுந்து தினமும் எடுத்துப் பார்ப்பது முட்டைக்கும் நல்லதல்ல, கோழிக்கும் பொறுக்காது.

வீட்டுக் கைப்பழக்கம் தொழிற்கருவியானது அடைப்பெட்டி வந்தபின். எகிப்தில் பழங்காலத்திலிருந்தே மண்ணாலான பொரிப்பு அடுப்புகள் இருந்தன. அங்குள்ள தொழிலாளர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை அளந்துவிடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமுர் அந்த அடுப்புகளைப் பற்றிக் கேட்டறிந்து, பாரிசில் தானே முயன்று, 1749இல் நூலாக எழுதினார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் என்பவர் 1879இல் இன்குபேட்டர் ஒன்றை உருவாக்கினார், அந்த ஊரே பின்னாளில் முட்டைக்குப் பெயர்போனது. பெட்டியில் நூற்றுக்கணக்கில் முட்டைகள் அடுக்கும்போது சூரியனை நோக்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. மண்ணெண்ணெய் விளக்கின் மேல் கவிழ்க்கத் தகரக் கூண்டு செய்து, அதில் முட்டை பொருந்தும் அளவுக்கு ஒரு துளை விட்டார்கள். ஏழாம் நாள் ஒருமுறை, பதினாலாம் நாள் ஒருமுறை என்று கோழி வளர்ப்புக் கையேடுகளில் அட்டவணை ஏறியது.

அதே வெளிச்சம் சாப்பாட்டு முட்டைக்கும் போனது. குளிர்கிடங்குகளில் மாதக்கணக்கில் இருந்து சந்தைக்கு வரும் முட்டைகளில் எது நல்லது என்பதைப் பிரிக்க நகரங்களில் ஆட்கள் இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் தள்ளுவார். இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் மேரி எங்கிள் பென்னிங்டன் என்ற வேதியியலாளருக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு ஆய்வுக்கூடத்தை நடத்திய அவர், இரு துணையாசிரியர்களோடு 1918இல் முட்டையை ஒளியில் பார்ப்பது எப்படி என்று ஒரு வெளியீடு கொண்டுவந்தார். ஒளியில் முட்டை எப்படித் தெரிகிறது, அதையே உடைத்தால் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். கிழவியின் வழியும் அரிஸ்டாட்டிலின் வழியும் ஒரே வெளியீட்டில் அருகருகே வந்தது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

பிலிப்பைன்சில் மணிலாவை ஒட்டிய பட்டெரோஸ் ஊரில் இது சமையலோடு சேர்ந்துவிட்டது. வாத்து முட்டைகளைச் சூட்டில் வைத்து, சில நாளில் ஒளியில் பார்த்துப் பிரிப்பார்கள். கரு வளரும் முட்டை இன்னும் சில நாள் இருந்து பலூட் ஆகும். கரு கூடாதது பெனோய் என்று வேறு பெயரில், வேறு விலையில் விற்பனைக்குப் போகும். அவித்த முட்டை விற்பவரிடம் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள்.

வெளிச்சத்தில் பார்த்த முட்டையால் மனிதகுலம் பெற்ற பெரிய பயன் ஆய்வுக்கூடத்தில் விளைந்தது. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும். அதை வளர்க்க ஆராய்ச்சியாளர்கள் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், 1931இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் உட்ரஃபும் எர்னஸ்ட் குட்பாஸ்சரும் கரு வளரும் கோழிமுட்டையில் ஒரு சிறு சன்னல் வெட்டி, உள்ளேயிருக்கும் சவ்வில் கோழியம்மை வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பின் முட்டை ஒரு மலிவான, கிருமி அண்டாத வளர்ப்புக் குடுவையானது. இன்ஃப்ளுவென்சா தடுப்பூசியில் பெரும்பகுதி இன்றும் முட்டையில்தான் விளைகிறது.

அந்தக் கூடங்களில் வெளிச்சம் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. பத்து நாள் வளர்ந்த முட்டையை ஒளிக்கு மேல் வைப்பார்கள். கரு அசைகிறதா என்று பார்ப்பார்கள், அசையாததை ஒதுக்குவார்கள். பென்சிலால் காற்றறையின் எல்லையை ஓட்டின் மேல் வரைவார்கள். நாளம் ஓடாத இடம் எது என்று பார்த்து அங்கே ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியில் துளையிட்டு ஊசி இறங்கும், பிறகு மெழுகால் அடைப்பார்கள். மறுநாள் காலை மறுபடி ஒளியில் பார்ப்பார்கள். ஒரே நாளில் செத்திருந்தால் அது ஊசி பட்ட காயத்தால் வந்த சாவு என்று கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். குலுக்கினால் நாளம் குலையும் என்ற வர்ரோவின் எச்சரிக்கைக்கு இங்கே வேலை இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கோழிக்கூடைக்கு இந்த வழியாக ஒரு நேரடிக் கடன் வந்து சேர்ந்தது. கிராமத்துக் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ராணிக்கெட் என்று இன்னொரு பெயர். 1920களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் அடையாளம் கண்டதால் வந்த பெயர் அது. அந்த வட்டாரத்திலேயே இருக்கும் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1940களில் ஹாடோ, இத்னானி இருவரும் அந்த வைரஸைக் கரு முட்டைகளில் ஒன்று மாற்றி ஒன்றாகச் செலுத்திச் செலுத்தி, அதன் வீரியத்தைத் தணித்துத் தடுப்பூசிக்கான வகையை உண்டாக்கினார்கள். 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தமிழ்நாட்டுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி செய்து தருகிறது. தடுப்பூசி முகாமுக்குக் கோழியைக் கூடையில் கவிழ்த்துத் தூக்கிவரும் பெண்கள் வீட்டில் முட்டையை வெளிச்சத்தில் பார்க்கத் தெரிந்தவர்கள். தங்கள் கோழிக்குப் போடும் மருந்தும் அதே பார்வையைக் கடந்து வந்தது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நாமக்கல் முட்டைக்கு இந்தச் சோதனை தேவைப்படாது. அங்கே முட்டைக்கோழிக் கூண்டுகளில் சேவலே இல்லை. கரு கூட வழியில்லை. குஞ்சு பொரிப்பகங்களில்தான் 18ஆம் நாளில் தட்டுத் தட்டாக ஒளிக்கு மேல் நகர்த்தி, ஒளி ஊடுருவும் முட்டைகளை எடுத்துவிட்டு, மற்றதைப் பொரிக்கும் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். பெரிய நிலையங்களில் அதே நேரத்தில் இயந்திரம் முட்டைக்குள்ளேயே மேரெக் நோய்த் தடுப்பூசியும் செலுத்திவிடுகிறது. கரு இல்லாத முட்டையில் மருந்தை வீணாக்காமல் இருக்க ஒளிச்சோதனை அங்கே முன்னால் நிற்கிறது.

இப்போது முட்டையிடம் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. உயிர் இருக்கிறதா என்பதோடு, உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்றும் கேட்கிறார்கள். இதுவும் பழைய ஆசைதான். பிளினி ஒரு கதை சொல்கிறார்: பின்னாளில் பேரரசியான லிவியா, கி.மு. 42இல் மகன் திபெரியுஸைச் சுமந்திருந்தபோது, பிறப்பது ஆணா என்று அறிய ஒரு முட்டையைத் தன் மார்பில் வைத்துச் சூடு கொடுத்தாள். இறக்கி வைக்க வேண்டி வந்தால் தாதியின் மார்புக்கு மாற்றினாள், சூடு விட்டுப்போகக் கூடாது என்று. சேவற்குஞ்சு பொரிந்தது.

இன்று அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. முட்டைக்கோழி இனத்தில் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்பதால் பொரித்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடிக் குஞ்சுகள் இப்படிப் போயின. 2022 ஜனவரி 1 முதல் அந்நாடு இதைச் சட்டத்தால் தடுத்தது. உடனே முட்டைக்குள் பார்க்கும் கலைக்குப் புது அவசரம் வந்தது. அங்கே உருவாக்கிய செக்கி என்ற இயந்திரம் 13ஆம் நாளில் முட்டை வழியே ஒளியைப் பாய்ச்சி, வெளிவரும் ஒளியின் நிறமாலையை அளக்கிறது. பழுப்பு முட்டையிடும் இனங்களில் பெட்டைக்கு முதல் தூவி பழுப்பு, சேவலுக்கு வெள்ளை. அந்த வேற்றுமையை ஓட்டுக்கு வெளியிலிருந்து படித்துவிடுகிறது. நான்காம் நாள் சோதனைக்குப் பிளினி சொன்ன வழியேதான், விளக்குத்தான் பெரிது.

வெள்ளை முட்டையிடும் இனங்களில் இருபாலுக்கும் தூவியின் நிறம் ஒன்றே. அங்கே இந்த ஒளி உதவாது. செலக்ட் என்ற முறையில் ஒன்பதாம் நாளில் லேசரால் ஓட்டில் மயிரிழைத் துளை இட்டு, ஒரு துளி நீரை வெளியே எடுத்து, பெண்மைக்குரிய ஹார்மோன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓட்டைத் திறந்து பார்க்கும் பழைய வழி, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, திரும்பி வந்திருக்கிறது. மியூனிக்கைச் சேர்ந்த ஆர்பெம் நிறுவனமோ துளையே வேண்டாம் என்று, மருத்துவமனையில் மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறையை முட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறது. முட்டைகள் தட்டோடு காந்தப்புலத்துக்குள் போய் வருகின்றன. 12ஆம் நாளில் ஓடு வெள்ளையானாலும் பழுப்பானாலும் சேவலா பெட்டையா என்று அது சொல்லிவிடுகிறது.